பழைய கம்ப்யூட்டருக்கு நெட்வொர்க் கார்டு: கடைக்குப் போகும் முன்னால் மூடியைக் கழற்றிப் பாருங்கள்

கல்லிடைக்குறிச்சியில் சித்தி வீட்டில் 2009-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நல்ல இடி, மறுநாள் பார்த்தால் நெட் இல்லை. விண்டோஸ் திறக்கிறது, பாட்டு ஓடுகிறது, லேன் வயர் செருகும் இடத்தில் மட்டும் விளக்கு எரியவில்லை. "ஏய்யா, இதத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிருவோமா?" என்று சித்தி கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். வயர் செருகும் அந்த இடம், அதாவது போர்ட், மட்டும் போயிருந்தால் சில நூறு ரூபாய் நெட்வொர்க் கார்டில் வேலை முடிந்துவிடும்.

முதலில் போனது போர்ட்தானா என்று உறுதி செய்யுங்கள். அதே வயரை ஒரு லேப்டாப்பில் செருகிப் பாருங்கள், மோடமில் வேறு ஓட்டைக்கு மாற்றிப் பாருங்கள், வேறு வயர் இருந்தால் அதையும் பாருங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் திறக்கும் முன்னால் வரும் செட்டிங்ஸ் திரை) போய் ஆன்போர்டு லேன், அதாவது கம்ப்யூட்டரோடு கூடவே வந்த போர்ட், 'எனேபிள்டு' என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லை என்றால் போர்ட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்ததுதான் முக்கியம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே இருக்கும் பெரிய சர்க்யூட் பலகையை, அதாவது மதர்போர்டைப் பாருங்கள். கார்டு செருகும் நீளமான பள்ளங்கள் தெரியும், அவைதான் ஸ்லாட். எட்டரை சென்டிமீட்டர் நீளத்தில், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருப்பது பழைய பிசிஐ. இரண்டரை சென்டிமீட்டர்தான், கட்டைவிரலின் மேல்பாதி அளவு, குட்டியாக இருப்பது பிசிஐ எக்ஸ்பிரஸ். கிராபிக்ஸ் கார்டுக்கென்று இருக்கும் நீள ஸ்லாட்டும் எக்ஸ்பிரஸ்தான், அது காலியாக இருந்தால் குட்டிக் கார்டை அதிலேயே செருகலாம். ஆனால் பிசிஐ கார்டு எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் போகாது, எக்ஸ்பிரஸ் கார்டு பிசிஐ ஸ்லாட்டிலும் போகாது. இதைப் பார்க்காமல் நான் ஒரு தடவை ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் பிசிஐ கார்டு வாங்கி வந்து, வீட்டில் திறந்தால் அந்த போர்டில் பிசிஐ ஸ்லாட்டே கிடையாது, மாற்றுவதற்காக மறுபடியும் ரயிலேற வேண்டியதாயிற்று. அதனால் போனில் ஸ்லாட்டைப் படம் எடுத்துக்கொண்டு போய்க் கடை அண்ணாச்சியிடம் காட்டுங்கள். கேபினெட் ஒல்லியான வகை என்றால் கார்டின் தகரப் பட்டையும் குட்டையாக இருக்க வேண்டும், அதையும் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு ஸ்லாட்டும் இருந்தால் எக்ஸ்பிரஸ் ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ் வேகம்) கார்டே வாங்குங்கள், ரியல்டெக் 8111 அல்லது 8168 சிப் போட்டது போதும். பிசிஐ மட்டும் இருந்தால் ரியல்டெக் 8169 நல்லது. அதே பிசிஐ வகையில் 8139 என்ற பழைய சிப் 100 எம்பிபிஎஸ் வரைதான் போகும், உங்கள் நெட் பிளானே 100-க்குள் என்றால் அதுவே தாராளம், அதற்கு மேல் காசு போடுவது வீண். இந்த சிப்புகளுக்கு லினக்ஸில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கூடவே வருகிறது. கார்டுக்குப் பதில் யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டரும் வாங்கலாம், மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, ஆனால் பழைய மெஷினில் இருப்பது யுஎஸ்பி 2, அதன் உச்சமே 480 எம்பிபிஎஸ், ஜிகாபிட் வேகம் முழுசாகக் கிடைக்காது.

மாட்டுவது பத்து நிமிட வேலை. கேபினெட்டின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டு (உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கட்டும்), ஸ்லாட்டில் தூசி இருந்தால் பெயிண்ட் பிரஷால் தட்டிவிட்டு, அந்த ஸ்லாட்டுக்கு நேராகக் கேபினெட்டின் பின்பக்கம் இருக்கும் தகர மூடியைக் கழற்றி, கார்டை நேராக வைத்து இரண்டு முனையிலும் ஒரே அளவு அழுத்துங்கள். தங்கநிற விளிம்பு முழுக்க உள்ளே இறங்க வேண்டும். அப்புறம் ஸ்க்ரூ.

விண்டோஸ் டிரைவர் கேட்டால்தான் சிக்கல்: நெட் இருந்தால்தானே டிரைவர் எடுக்க முடியும்! போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் வசதி) போடுங்கள், போன் நெட்டிலேயே டிரைவர் இறங்கிவிடும். வேலை செய்ததும் பயாஸில் பழைய ஆன்போர்டு லேனை 'டிஸேபிள்டு' ஆக்கிவிடுங்கள்.

இன்னொன்று. ஃபைபர் நெட்தானே, கண்ணாடி இழையில் மின்சாரம் வராதே என்று பலர் நினைக்கிறார்கள். இழையில் வராது, சரி. ஆனால் இடி மின்னலின் மின்சாரம் மோடமின் கரண்ட் அடாப்டர் வழியாக ஏறி, லேன் வயரின் செம்பு வழியாகக் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். பொதிகைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் இப்போதெல்லாம் சித்தி முதலில் மோடம் பிளக்கையும் லேன் வயரையும் பிடுங்கிவிடுகிறார்கள், அதற்கு அப்புறம்தான் கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிறார்கள்.