கஞ்சா மாதிரியை ஆய்வகத்தில் பகுப்பாய்வு செய்யும் முறை

தடய அறிவியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவரிடம் கஞ்சா மாதிரியைக் கொடுத்தால், அவர் கை முதலில் அமிலக் குப்பியைத் தேடும். அதற்கு முன்பாக முத்திரையைப் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின் 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் எடுக்கப்பட்ட மாதிரி என்றால், உறையின் அரக்கு முத்திரை சிதையாமல் இருக்கிறதா என்பதையும், உடன் வந்த கடிதத்தில் பதித்துள்ள மாதிரி முத்திரையோடு அது ஒத்துப்போகிறதா என்பதையும் சரிபார்த்துக் குறிப்பேட்டில் எழுதிய பிறகே உறையைப் பிரிக்கலாம். கஞ்சாவுக்கு விதிப்படி எடுக்கப்படும் மாதிரி 24 கிராம். ஈரம் உலர்ந்து தராசு 21 கிராம் காட்டினால் 21 என்றே எழுதுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணுக்காகத் தராசைத் திருத்தக் கூடாது.

அடுத்தது நுண்ணோக்கி. இதை ஒப்புக்குச் செய்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை மட்டுமே. நுனி இல்லாமல் தனியாக வரும் இலையும் விதையும் அதில் சேரா. எந்த நிறச் சோதனையும் இந்த வேறுபாட்டைச் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும். இலைத்துணுக்கை வைத்துப் பார்த்தால், மேற்புறத்தில் கரடி நகம் போல வளைந்த குட்டை மயிர்கள் தெரியும். ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால், அவற்றின் அடியில் உள்ள கால்சியம் கார்பனேட் கரைந்து சிறு குமிழிகள் கிளம்பும். பூ நுனியில் பிசின் தாங்கிய காம்புள்ள சுரப்பிகளையும் தேடுங்கள்.

பிறகு டுகெனுவா–லெவின் என்ற நிறச் சோதனை. மாதிரியின் சாற்றை உலர்த்தி, வனிலினும் அசிட்டால்டிஹைடும் கலந்த எத்தனால் கரைசலைச் சேர்த்து, அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் ஊதா நிறம் எழும். அங்கேயே நிறுத்திவிடாமல் குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்க வேண்டும். ஊதா கீழடுக்கில் இறங்கினால்தான் அதைப் பொருட்படுத்தலாம். மாதிரி சேர்க்காத வெற்றுக் குழாயையும், கஞ்சா என்று உறுதியான ஒப்பீட்டு மாதிரியையும் பக்கத்திலேயே வைத்துச் செய்யுங்கள். இவ்வளவும் செய்தாலும் இது சந்தேகத்தை வலுப்படுத்தும் சோதனை மட்டுமே.

மென்படலத் தட்டில் சாற்றைப் பிரித்து ஃபாஸ்ட் ப்ளூ பி என்ற நிறமூட்டியைத் தெளித்தால், கஞ்சாவில் உள்ள வேதிப்பொருட்களில் போதை தரும் டிஹெச்சி சிவப்பாகவும், சிபிடி ஆரஞ்சாகவும், சிபிஎன் ஊதாவாகவும் தனித்தனியே நிற்கும். இறுதி உறுதிக்கு, சாற்றின் கூறுகளை வாயு நிலையில் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் ஜிசி–எம்எஸ் கருவி. டிஹெச்சி, சிபிடி இரண்டின் மூலக்கூறு நிறையும் 314 என்பதால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி முடிவெழுதக் கூடாது. மூலக்கூறு உடைந்து வரும் துண்டுகளின் நிறைகளில் டிஹெச்சிக்கு 299உம் சிபிடிக்கு 231உம் உயர்ந்து நிற்பதையும், ஒப்பீட்டு மாதிரி வெளிவரும் நேரத்தோடு நேரம் பொருந்துவதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் வெறும் கரைப்பானைச் செலுத்தினால், முந்தைய மாதிரியின் எச்சம் கருவியில் தங்கியிருப்பது தெரிந்துவிடும்.

டிஹெச்சி எத்தனை விழுக்காடு என்று அறிக்கையில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 1 கிலோ வரை சிறு அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்ற கணக்கு கைப்பற்றிய கஞ்சாவின் எடையை வைத்தே போடப்படுகிறது. ஆனால் பூ நுனி இருந்ததா என்பதைத் தெளிவாக எழுதி, எஞ்சிய மாதிரியை எடைபோட்டு, ஆய்வக முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.