முதியவர்களுக்குத் தடுப்பூசி: துகளைக் கெடுக்கும் தவறுகள்

வயது ஏற ஏற, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்கிவிடுகிறது. அங்கே முதிர்ந்து வரும் புதிய டி செல்கள் (நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) குறைகின்றன. தடுப்பூசித் துகளை விழுங்கி நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோகும் செல்களும் மந்தமாகின்றன. இதை ஈடுகட்டத்தான் அக்கித் தடுப்பூசி ஒன்றில் லிப்போசோம் எனும் நுண்ணிய கொழுப்புக் குமிழியும், முதியோருக்கான ஃப்ளூ ஊசி ஒன்றில் ஸ்குவாலீன் எண்ணெய்த் துளியும் சேர்த்திருக்கிறார்கள். துகள் கெட்டால் எழுபது வயது உடம்பில் அதைச் சமாளிக்கத் தெம்பு அதிகம் மிச்சம் இல்லை.

ஐஸோடு ஒட்டி வைப்பது

நாகர்கோவிலில் வாங்கிய ஊசி பேச்சிப்பாறைக்குப் பஸ்ஸில் போகிறது. வெயிலுக்குப் பயந்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் மருந்தைச் சாய்த்துவிடுகிறார்கள். "நல்லா குளுந்துதான் இருக்கு பாட்டா" என்று ஊசியும் போட்டாகிவிடும். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி நடக்கும் தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்த பேக் மைனஸ் 15, 20 டிகிரியில் இருக்கும். டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்), ஹெபடைட்டிஸ் பி (மஞ்சள் காமாலை), நிமோகாக்கல் கான்ஜுகேட் (நிமோனியா) ஊசிகளில் மருந்து அலுமினிய உப்புத் துகளில் ஒட்டியிருக்கிறது. உறைந்தால் பனிப்படிகங்கள் துகள்களை நெருக்கிக் கட்டியாக்கிவிடும். உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. குப்பியில் ஒட்டிய, சூடுபட்டால் நிறம் மாறும் விவிஎம் வட்டம் வெப்பத்தை மட்டும் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருங்கள். மருந்துக்கும் அதற்கும் நடுவே அட்டை வையுங்கள். 2 முதல் 8 டிகிரி, அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை உண்டு. அதே கம்பெனி, அதே பேட்ச் குப்பி ஒன்றை வேண்டுமென்றே முழுக்க உறையவைத்து உருக்குங்கள். இரண்டையும் 10, 15 நொடி குலுக்கி அருகருகே வையுங்கள். உறைந்தது சீக்கிரம் தெளிந்து அடியில் திரிதிரியாகப் படியும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தால் எறிந்துவிடுங்கள். ஒற்றை டோஸ் மட்டும் கையில் இருந்தால் சோதிக்க வழியில்லை. அதையும் எறிவதே சரி. லிப்போசோம் ஊசிக்கு இந்தச் சோதனை பொருந்தாது. உறைந்தால் நேராகக் குப்பைக்கு.

பொடியைத் தண்ணீரில் கலப்பது

அக்கி ஊசி இரண்டு குப்பியாக வரும்: ஒன்றில் பொடி, மற்றதில் திரவம். அந்த இரண்டாவது குப்பி வெறும் கரைப்பான் அல்ல. லிப்போசோம் அதில்தான் இருக்கிறது. அதில்தான் பொடியைக் கலக்க வேண்டும். கலந்தபின் 6 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மழை தொடங்கியபின் ஃப்ளூ ஊசி

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். எதிர்ப்பு சக்தி உருவாக இரண்டு வாரம் பிடிக்கும். மே மாதமே போடுங்கள்.

இரண்டாவது டோஸை மறப்பது

அக்கிக்கு முதல் டோஸ் போட்டு 2 முதல் 6 மாதத்துக்குள் இரண்டாவது டோஸ். தேதியை அட்டையில் எழுதி, வீட்டில் இளையவர் ஒருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.