பழைய வீடு விற்பனைக்கு வந்தால் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்

விற்பனைக்கு வந்திருக்கும் பழைய வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாரும் முன்னறையில் நின்று கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் நேராகப் பின்பக்கம் போய்விடுவேன். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரி, சாமான் அறை, பரண், யாரும் திறக்காத மாடிக் கதவு, இவைதான் எனக்கு முதலில் வேண்டும். முன்னறையை ஒவ்வொரு தலைமுறையும் தன் விருப்பத்துக்கு மாற்றியிருக்கும். சாமான் அறைக்குச் செலவு செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் வீடு கட்டிய நாளில் என்ன மரம் போட்டார்கள், கதவுச் சட்டத்தின் ஓரத்தை எந்த வளைவில் இழைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் அப்படியே கிடக்கும். அதைக் கண்ணில் வாங்கிக்கொண்டு முன்னறைக்கு வந்தால், எது வீட்டோடு பிறந்தது, எது பிறகு வந்து ஒட்டியது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

அப்பாவின் தச்சுப் பட்டறையில் வளர்ந்ததால் எனக்கு இந்தப் பழக்கம் வந்தது. இப்போது நண்பர்கள் வீடு பார்க்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். நான் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். வாங்கும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, பார்வைக்குத் திறந்திருக்கும் வீட்டைக் கவனித்துப் பார்ப்பதே பெரிய சந்தோஷம்.

விளம்பரப் படங்களிலிருந்து தொடங்குங்கள். படம் எதைக் காட்டுகிறது என்பதைவிட அதன் ஓரங்களைப் பாருங்கள். சோபாவுக்குப் பின்னால், சுவரின் அடியில் தரையை ஒட்டி ஓடும் ஸ்கர்டிங் பலகை எவ்வளவு உயரம்? உயரமாக, மேல் விளிம்பில் வளைவுகளோடு இருந்தால் மரவேலை தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டு அறைகளில் ஒரே மாதிரி கதவுச் சட்டம் தெரிகிறதா? கூரையே படாமல் எடுத்த படங்கள் வரிசையாக இருந்தால், தாழ்வான பொய்க்கூரை போட்டிருக்கலாம். அதற்கு மேல் பழைய கூரை அழகு பத்திரமாக இருந்தாலும் இருக்கும், போய்த்தான் பார்க்க வேண்டும்.

போகும்போது ஒரு சின்ன டார்ச்சும் ஒரு காந்தமும் போதும். வீட்டுக்காரரிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், எதையும் சுரண்டிப் பார்க்காதீர்கள். சுரண்டக் கூடாது என்பதற்கு மரியாதையைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-ல்தான். அந்தத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

சரி, பின்பக்கக் கதவு. கதவைத் திறந்து அதன் பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள். ஒரு சட்டத்தின் முனையைச் செதுக்கி இன்னொரு சட்டத்தின் துளையில் செருகி, குறுக்கே மரமுளை அடித்து இறுக்கியிருப்பார்கள். செருகிய முனை விளிம்பில் சின்னச் செவ்வகமாகத் தெரியும், முளையின் வட்டம் பெயின்டுக்கு அடியில் லேசாகப் புடைத்திருக்கும். நடுப்பலகையை ஒட்டக் கூடாது, சட்டத்தின் பள்ளத்தில் சும்மா நிற்க வேண்டும். மரம் வெயிலுக்குச் சுருங்கும், ஈரத்துக்கு விரியும் என்பதால் அப்படி விட்டிருக்கிறார்கள். பலகையின் ஓரத்தில் மெல்லிய பழைய நிறக்கோடு தெரிந்தால், பெயின்ட் அடித்த பிறகு பலகை சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். ஒரே பாளமாக அச்சடித்த நவீனக் கதவில் இந்தக் கோடு வராது.

அடுத்து கீலில் இருக்கும் ஸ்க்ரூ. தலையில் ஒரே கோடு என்றால் பழையதாக இருக்கலாம். கூட்டல் குறி போட்ட ஸ்டார் ஸ்க்ரூ என்றால், ஹென்றி பிலிப்ஸ் அதற்குக் காப்புரிமை வாங்கியது 1936-ல், அதற்கு முந்தைய வேலையாக இருக்க முடியாது. ஒரு ஸ்க்ரூ மாறியிருப்பதால் கதவே புதுசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கீலைச் சுற்றியுள்ள மரத்தையும் பாருங்கள். நான்கு ஸ்க்ரூவும் ஸ்டார், மரத்தில் வேறு பழைய ஓட்டை எதுவும் இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். பரணில் ஆணி தெரிந்தால் அதுவும் தேதி சொல்லும். செவ்வக வெட்டுள்ள ஆணி 19-ஆம் நூற்றாண்டில் தகட்டிலிருந்து வெட்டியது. உருண்டைக் கம்பி ஆணி அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் பரவலானது.

கைப்பிடிக்குக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். முழுப் பித்தளையில் ஒட்டாது, மேல்பூச்சு மட்டும் பூசிய இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பழைய வீடுகளில் இரும்புக் கைப்பிடியும் உண்டு, அதனால் ஒட்டினாலே போலி என்று நினைக்க வேண்டாம். கைப்பிடியில் நான் இவ்வளவு நேரம் செலவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலக் கட்டடக் கலைஞர்களில் சிலர் அதையும் தாங்களே வரைந்தார்கள். பிரஸ்ஸல்ஸ் நகரில் விக்டர் ஹோர்ட்டா கட்டிய நகர வீடுகளில் படிக்கட்டு இரும்பின் கொடி வளைவும் கதவுக் கைப்பிடியின் வளைவும் ஒரே கையெழுத்தில் இருக்கும். அவற்றில் நான்கு வீடுகளை 2000-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பெயர் தெரியாத கொத்தனாரும் தச்சரும் கட்டிய சாதாரண வீட்டிலும் இந்த ஒற்றுமை சின்ன அளவில் இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் எனக்குப் பிடித்த வேலை.

படிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தோழி ஒருத்தியோடு பார்த்த வீட்டில் படிக்கட்டின் பக்கவாட்டு முழுக்க வெள்ளைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. படிக்கட்டுக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் குனிந்து, டார்ச்சை மேல்நோக்கி அடித்தேன். பலகைக்கு உள்பக்கம் கடைசல் கம்புகள் வரிசையாக நின்றன. மேலே குமிழ், நடுவில் மெலிந்த இடை, கீழே குடம். கையால் கடைந்தவை என்பது உடனே தெரிந்தது. பக்கத்துப் பக்கத்துக் கம்புகளில் குமிழின் உயரம் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தது, ஒன்றில் உளி சறுக்கிய மெல்லிய வரி அப்படியே விட்டிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் இப்படிப் பலகை அடித்து மூடுவது பல நாடுகளில் நாகரிகமாக இருந்தது. உடைத்து எறிந்தவர்களை நினைத்தால், மூடி வைத்தவர்கள் நமக்கு நல்லதே செய்திருக்கிறார்கள். ஆகவே மூடிய படிக்கட்டைக் கண்டால் பின்பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.

திறந்த படிக்கட்டு என்றால் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக ஏறுங்கள். திருப்பத்தில் உள்ளங்கை தடைபடாமல் போகிறதா? நேர்க்கட்டை ஒரே வீச்சில் வளைந்து மேலேறும் அந்த ஒரு துண்டைச் செதுக்க, தச்சருக்குக் கணக்கும் வரைபடமும் கைவந்திருக்க வேண்டும். பட்டறையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. கொஞ்ச நேரம் அங்கேயே நில்லுங்கள்.

ஜன்னல் கண்ணாடியை நேராக நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. இரண்டடி தள்ளி நின்று, எதிர்க் கட்டடத்தின் நேர்கோட்டில் கண்ணை வைத்துக்கொண்டு தலையைப் பக்கவாட்டில் அசையுங்கள். கோடு நெளிந்தால் பழைய கண்ணாடி. 19-ஆம் நூற்றாண்டில் கண்ணாடியை நீண்ட உருளையாக ஊதி, நீளவாக்கில் கீறி, மறுபடி சூடாக்கித் தட்டையாக்கினார்கள். அந்த நெளிவும், இழுபட்ட சின்னக் காற்றுக் குமிழும் அதில் வந்தவைதான். பிறகு இயந்திரத்தில் இழுத்த கண்ணாடியிலும் இணையான மெல்லிய அலைகள் உண்டு. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் செய்யும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. அதன் பிறகுதான் இன்று நாம் பார்க்கும் வழவழப்பான கண்ணாடி எங்கும் வந்தது. பழைய கண்ணாடி மெல்ல வழிந்து கீழே தடித்துப்போகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கண்ணாடி வழிவதில்லை, செய்யும்போதே தடிமன் சமமாக இல்லை, அவ்வளவுதான். அலையுள்ள ஒரே ஒரு சதுரம் மிச்சமிருந்தாலும் அது காப்பாற்ற வேண்டிய பொருள்.

இப்போது முன்னறைக்கு வரலாம். டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து ஒளியைச் சாய்வாக அடியுங்கள். சுண்ணாம்புப் பூச்சு மெல்ல ஏறி இறங்கும், மூலைகள் கூர்மையாக இல்லாமல் மழுங்கியிருக்கும். பின்பக்க அலமாரிக்குள் பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் அதில் மிருக முடி தெரிகிறதா பாருங்கள். சாந்து பிளக்காமல் இருக்க மாட்டு முடியோ ஆட்டு முடியோ கலப்பது வழக்கம். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். புதிதாகப் பூசிய பட்டைக்கு மேலே ஈரக்கறை ஏறியிருந்தால் இதுதான் விஷயமாக இருக்கும்.

சுவரும் கூரையும் சேரும் இடத்தில் ஓடும் அலங்காரப் பட்டையான கார்னிஸில் பூக்களின் ஓரத்தைக் கவனியுங்கள். மெல்லிய இதழ்கள் மொத்தையாகத் தெரிந்தால் பல அடுக்கு பெயின்டில் மூழ்கியிருக்கின்றன, அது பழையது என்பதற்கு நல்ல அடையாளம். பூவின் அடியில் ஆழமான நிழல் இல்லாமல், எல்லாம் மேலோட்டமாக இருந்தால் பிளாஸ்டிக் நுரையில் அச்சடித்தது. மூலையில் இரண்டு பட்டைகள் சேரும் இடத்தையும் பாருங்கள், கையால் செய்ததில் அங்கே சின்னச் சமாளிப்பு ஒன்று தெரியும். அந்தக் காலத்தில் விருந்தினர் வரும் அறைக்கே பணத்தைக் கொட்டினார்கள், மாடி ஏற ஏற அலங்காரம் குறையும். கடைசி மாடியின் சின்ன அறையில் கூரை நடுவே பெரிய பூ வட்டம் இருந்தால் யாரோ பிறகு ஒட்டியிருப்பார்கள்.

தரை ஓட்டில் பூவேலை இருந்தால், உடைந்த விளிம்பைத் தேடுங்கள். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்டில் மின்டன் போன்றவர்கள் செய்த ஓடுகளில் நிறக் களிமண்ணையே உள்ளே பதித்துச் சுட்டார்கள், அதனால் மேலே தேய்ந்தாலும் உருவம் அழியாது. அமெரிக்காவின் நாடாளுமன்றமான கேப்பிட்டல் கட்டடத்தில் 1856 முதல் 1861 வரை பதித்தவை இந்த வகைதான். வாசல், படிக்கட்டின் அடி, இந்த இரண்டு இடத்திலும் தேய்மானம் கூடுதலாக இருக்க வேண்டும். தேய்மானம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் அது அச்சில் வந்தது. வாசல் இரும்புக் கிராதியில் வெல்டிங் கட்டி தெரிந்தால் அந்தப் பகுதி பிந்தையது.

கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: கழற்றிய கதவு, கைப்பிடி, ஓடு எதையாவது எங்கேயாவது வைத்திருக்கிறீர்களா? பரணிலோ நிலவறையிலோ துணி சுற்றிக் கிடக்கும். விற்கும் பேச்சில் அதை யாரும் சொல்வதில்லை. வீட்டோடு சேர்த்துத் தருவார்களா என்று அப்போதே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.