மெயில், ரிப்போர்ட், மேனுவல்: படிப்பவரைத் தேடவிடாமல் எழுதுவது எப்படி

ஆபீஸ் எழுத்தை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. மேனேஜர் இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் போனில் பார்க்கிறார். கஸ்டமர் மெஷின் நின்றுபோன கடுப்பில் மேனுவலைப் புரட்டுகிறார். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர், பக்கத்து சீட்டுக்காரரை மறுபடி மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு ஆவணத்தைத் திறக்கிறார். மூன்று பேரும் தேடுவது ஒன்றுதான்: நான் இப்போது என்ன செய்யணும்? அந்தப் பதிலை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது, நடை அழகெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எழுத உட்காரும் முன் ஒரு வரி எழுதிப் பாருங்கள்: "இதைப் படித்ததும் இன்னார் இன்னதைச் செய்வார்." அந்த வரி வரவில்லையென்றால் ஒன்று அந்த மெயிலே தேவையில்லை, இல்லாவிட்டால் உங்களுக்கு என்ன வேண்டும் என்று நீங்களே இன்னும் முடிவு செய்யவில்லை. பெரும்பாலும் இரண்டாவதுதான்.

நம்மில் நிறைய பேர் நடந்த வரிசைப்படி எழுதுகிறோம். போன மாதம் இது ஆனது, பிறகு வெண்டரிடம் பேசினோம், அவர்கள் இப்படிச் சொன்னார்கள், அதனால் அதை முயன்றோம் என்று நான்கு பத்தி ஓடிய பிறகு, கடைசியில் "எனவே தங்கள் மேலான ஒப்புதலை வேண்டுகிறோம்" என்று வரும். போனில் பார்ப்பவர் அந்த இடத்துக்கு வந்தே சேரமாட்டார். அப்படியே திருப்பிப் போடுங்கள். சப்ஜெக்ட் லைனில் "ப்ராஜெக்ட் அப்டேட்" வேண்டாம், "சர்வர் மாற்றம்: வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் ஒப்புதல் தேவை" என்று எழுதுங்கள். முதல் வரியில் என்ன வேண்டும், எப்போதைக்குள், கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டு, கதையைக் கீழே வையுங்கள். தேவைப்பட்டவர் படித்துக்கொள்வார். மரியாதைக் குறைவாகத் தெரியுமோ என்று சிலர் தயங்குவார்கள். பெரியவருக்கு எழுதும்போது "வணக்கம் சார்" ஒன்று போதும், அவர் நேரத்தை மிச்சப்படுத்துவதும் மரியாதைதான்.

முக்கியமானது அடியில் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு ஸ்லைடு இருக்கிறது. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பி 82 விநாடி போலாகியிருந்தபோது, வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. விண்ணோடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சேதம் எவ்வளவு இருக்கும் என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். அதில் ஒன்றை, தகவலைத் தெளிவாகக் காட்டுவது பற்றி எழுதும் நிபுணர் எட்வர்ட் டஃப்டி பிற்பாடு வரி வரியாகப் பிரித்துப் போட்டார், விபத்து விசாரணைக் குழு அறிக்கையிலும் அந்த அலசல் இடம்பெற்றது. தலைப்பைப் படித்தால், சோதனைத் தரவுகளின்படி நம் கணிப்பு பாதுகாப்பான பக்கம்தான் இருக்கிறது என்ற ஆறுதல் கிடைக்கும். அதன் கீழே புள்ளிகள், புள்ளிக்குள் புள்ளிகள். எல்லாவற்றுக்கும் அடியில், சின்ன எழுத்தில், சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இங்கே மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம் என்று ஒரு வரி. 640 மடங்கு! அந்தச் சோதனையை நம்பி இந்த மோதலைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் உண்மையான செய்தி. அது தலைப்பில் இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு "குறிப்பிடத்தக்க" என்று பொருள்படும் சொல் அந்த ஒரே ஸ்லைடில் 5 முறை வருகிறது, ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு அளவைக் குறித்து. பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது விண்ணோடம் சிதறி 7 பேர் இறந்தார்கள்.

ஸ்லைடு சரியாக இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவரவில்லை, அது பல பேர், பல முடிவுகள் சேர்ந்த விஷயம். ஆனால் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போனவர் தப்பான செய்தியோடு போயிருப்பார். உங்கள் ரிப்போர்ட்டிலும் தலைப்புகளை மட்டும் தனியாக எடுத்து வரிசையாகப் படித்துப் பாருங்கள். "பின்னணி", "ஆய்வு", "முடிவுகள்" என்று இருந்தால் அவை எதுவுமே சொல்லவில்லை. "இரண்டாவது பம்ப் மழைக்காலத்தைத் தாங்காது" என்பது தலைப்பு.

அதே நேரத்தில், தெளிவாக எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பிவிடாதீர்கள். நாசாவின் இன்னொரு விண்ணோடமான சேலஞ்சர் வெடிப்பதற்கு முன்பே, 1985 ஜூலையில், அதன் பக்கவாட்டு ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர் ரோஜர் போஜோலி, ராக்கெட் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களைச் சரிசெய்யாவிட்டால் உயிர்கள் போகும் என்று தன் மேலதிகாரிக்குப் பச்சையாகவே எழுதினார். 1986 ஜனவரி 28 அன்று அதுதான் நடந்தது. ஆபத்து சம்பந்தப்பட்ட விஷயமென்றால் மெயில் அனுப்பியதோடு கடமை முடிந்தது என்று இருக்காதீர்கள். போன் பண்ணுங்கள், பேசியதை இரண்டு வரியில் எழுதி அனுப்புங்கள், இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள்.

அடுத்தது எண்கள். "விரைவில்", "கணிசமாக", "ஓரளவு" எல்லாம் எழுதுபவருக்குத்தான் வசதி. எத்தனை நாள், எத்தனை சதவீதம், எத்தனை ரூபாய் என்று போடுங்கள். சரியாகத் தெரியாவிட்டால் "10 முதல் 15 நாள்" என்று வரம்பு கொடுங்கள், அதில் தப்பே இல்லை. 03/04/2025 என்று எழுதினால் சென்னையில் ஏப்ரல் 3, அமெரிக்காவில் இருக்கும் கிளையண்டுக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தில் எழுதிவிட்டால் சண்டை இல்லை. வெளிநாட்டுக்காரருக்கு லட்சம், கோடி புரியாது, 25 லட்சத்தை 2.5 மில்லியன் என்று மாற்றிக் கொடுங்கள், எந்த நாட்டுப் பணம் என்பதையும் சேர்த்து. அலகு இல்லாத எண் அட்டவணையில் எங்கேயும் இருக்கக் கூடாது. 1999 செப்டம்பரில் செவ்வாய்க்குப் போன நாசா விண்கலம் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்துபோனது இதனால்தான்: தரையில் ஒரு மென்பொருள் உந்துதலை பவுண்டு கணக்கில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட பக்கம் அதை நியூட்டன் கணக்கென்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் ஏறக்குறைய நாலரை மடங்கு. மெட்ரிக்கில்தான் தரவேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருந்தும் இந்தக் கதி.

மேனுவல் எழுதுகிறவர்களுக்கு இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வழக்கமாகக் கண்ணில் படும் வாக்கியம் இப்படி இருக்கும்:

"வால்வைத் திறந்து அழுத்தமானது கண்காணிக்கப்பட வேண்டும் என்பதுடன், திறக்கும் முன் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டிருப்பது உறுதி செய்யப்பட வேண்டும்."

படித்துக்கொண்டே வேலை செய்கிறவர் பாதி வாக்கியத்திலேயே வால்வைத் திறந்துவிடுவார். முன் செய்ய வேண்டியது பின்னால் வருகிறது, யார் செய்ய வேண்டும் என்பதும் இல்லை. இதையே இப்படி எழுதலாம்:

1. மெயின் சுவிட்சை அணைக்கவும். பச்சை விளக்கு அணைந்துவிட்டதா என்று பார்க்கவும்.
2. வால்வை மெதுவாக இடப்பக்கம் திருப்பித் திறக்கவும்.
3. மீட்டரில் அழுத்தம் 4 பாருக்கு (bar) மேல் போனால் உடனே வால்வை மூடிவிட்டு மேற்பார்வையாளரை அழைக்கவும்.

எச்சரிக்கை எப்போதும் அந்தச் செயலுக்கு முன்னால். நிபந்தனையும் அப்படியே: "மூடவும், 4 பாருக்கு மேல் போனால்" என்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த மாதிரி எழுதாதீர்கள், தமிழில் "போனால்" முன்னால் வருவதுதான் இயல்பு, நல்லவேளையாக வேலைக்கும் அதுதான் சரி. ஒவ்வொரு படிக்குப் பிறகும் என்ன தெரிய வேண்டும் என்று சொல்லுங்கள், அது தெரியாவிட்டால் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள். பெரும்பாலான மேனுவல்களில் விட்டுப்போவது இந்தக் கடைசி விஷயம்தான், எல்லாம் சரியாகவே நடக்கும் என்ற நம்பிக்கையில் எழுதியிருப்பார்கள்.

பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் போடாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள் இல்லையா, இந்த வேலையில் அதை மறந்துவிடுங்கள். முதல் பக்கத்தில் "பட்டன்", அடுத்த பக்கத்தில் "பொத்தான்", அப்புறம் "விசை" என்று போனால் மூன்று வெவ்வேறு பொருள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். திரையில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே கடைசிவரை எழுதுங்கள், சலிப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டாயம், பரிந்துரை, விருப்பம் மூன்றையும் இதேபோல் பிரித்து வையுங்கள். இணைய நெறிமுறைகள் எழுதுகிறவர்கள் 1997லேயே ஆர்எஃப்சி 2119 என்ற ஆவணத்தில் எந்தச் சொல் கட்டாயம், எது பரிந்துரை என்று வரையறுத்துவிட்டார்கள். நாம் இன்னும் எல்லாவற்றுக்கும் "வேண்டும்" போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்கிரீன்ஷாட்டுகளை அள்ளிப் போடாதீர்கள். அடுத்த வெர்ஷனில் திரை மாறினால் அத்தனையையும் நீங்கள்தான் மாற்ற வேண்டும். எழுத்தில் சொல்ல முடியாத இடத்துக்கு மட்டும் போதும்.

எழுதி முடித்ததும் அந்த வேலையை இதுவரை செய்யாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். உதவி பண்ணக் கை துறுதுறுக்கும், பண்ணாதீர்கள். அவர் எங்கே நிற்கிறாரோ, எங்கே பின்னால் போய் மறுபடி படிக்கிறாரோ, அந்த இடம்தான் திருத்த வேண்டிய இடம். ஆள் கிடைக்காவிட்டால் சத்தமாகப் படித்துப் பாருங்கள், மூச்சு வாங்கும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். ஏஐ கருவியிடம் திருத்தக் கொடுப்பதாக இருந்தால், திரும்பி வந்த எண்களையும் பெயர்களையும் மூலத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், வாக்கியம் வழவழப்பாக இருப்பதால் தப்பு கண்ணில் படாது. ரகசிய ஃபைலாக இருந்தால் ஆபீஸ் அனுமதி இல்லாமல் அதில் போடவே போடாதீர்கள்.

கடைசியாக, "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் புதுசு 2" என்று ஃபைல்களுக்குப் பெயர் வைக்கும் பழக்கம். முதல் பக்கத்தில் வெர்ஷன் எண், கடைசியாகச் சரிபார்த்த தேதி, சந்தேகம் என்றால் கேட்க வேண்டிய பொறுப்பு, மூன்றையும் போடுங்கள். ஆள் பெயர் வேண்டாம், அவர் அடுத்த மாதமே வேறு கம்பெனிக்குப் போய்விடலாம், "பராமரிப்புப் பிரிவு, ஷிஃப்ட் பொறுப்பாளர்" என்று பதவியை எழுதுங்கள். பழைய வெர்ஷனைப் பொதுவான ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடுங்கள், மெஷின் மேல் ஒட்டியிருக்கும் பிரிண்ட் அவுட்டையும் சேர்த்துத்தான்.