கெக்கிலிருந்து பாட்டிலுக்கு: பீரை நுரையாக்கும் தவறுகள்

வீட்டில் காய்ச்சிய பீரைக் கெக்கில், அதாவது அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாயில், ஊற்றி, கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, குழாயைத் திறந்து குடிக்கும் வரை எல்லாம் சுகம்தான். நண்பருக்கு நாலு பாட்டில் கொடுக்கலாமே என்று தோன்றும் அன்றைக்குத்தான் தொல்லை ஆரம்பிக்கும். முதல் தடவை நான் பத்து பாட்டில் நிரப்ப உட்கார்ந்தேன், தேறியது ஆறு. மீதி தரையிலும் என் சட்டையிலும் போனது. தேறிய ஆறிலும், இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது மூன்றில் 'புஸ்' சத்தமே வரவில்லை.

பொங்கியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. கெக் ஃபிரிட்ஜுக்குள் சில்லென்று இருந்தது. பாட்டில்களோ மேடையில், அறையின் சூட்டில். பீருக்குள் வாயுவைக் கட்டி வைப்பவை குளிரும் அழுத்தமும்தான். 4 டிகிரி செல்சியஸில் 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தம் கொடுத்தால், ஒரு லிட்டர் பீரில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் வாயு கரைந்து நிற்கும். அதே அளவு வாயு 20 டிகிரியில் கரைந்து நிற்க 25 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டும். சூடான கண்ணாடியில் பீர் பட்டதும் என்ன நடக்கும் என்று சொல்லவா வேண்டும்? ஆகவே கெக்கை 1, 2 டிகிரி வரை இறக்குங்கள். பாட்டில்களைக் கிருமிநீக்கித் திரவத்தில் அலசி, வடித்து, ஈரத்தோடேயே ஃபிரிட்ஜில் வையுங்கள். காய்ந்த கண்ணாடியில் ஒட்டிய தூசியும் கீறலும் குமிழி பிறக்க இடம் கொடுக்கும்; ஈரமான சுவரில் பீர் வழுக்கிக்கொண்டு இறங்கும். நிரப்பும் டியூபையும் குளிர வைத்தால் நல்லது. எப்படியும் முதலில் வருவது நுரைதான். அதை ஒரு கிளாஸில் பிடித்து நீங்களே குடித்துவிடுங்கள்.

அடுத்து அழுத்தம். சிலிண்டரிலிருந்து வரும் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் திருகைக் குறைத்தால் கெக்குக்குள்ளும் அழுத்தம் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. பீருக்கு மேலே நிற்கும் வாயுவை யாராவது வெளியே விட வேண்டும். வாயுவை மூடிவிட்டு, கெக் மேலுள்ள வெளியேற்றும் வால்வை இழுத்து விடுங்கள். அப்புறம் 2 முதல் 4 பிஎஸ்ஐக்கு வைத்துத் திறங்கள். இந்த வரிசை மாறினால் இன்னொரு ஆபத்தும் உண்டு. கெக் தளும்ப நிறைந்திருந்து, வாயு டியூபில் ஒருவழி வால்வும் இல்லையென்றால், பீர் பின்னோக்கி ஏறி ரெகுலேட்டருக்குள் போய்விடும். காய்ந்த பீர் ஒட்டிய ரெகுலேட்டரைச் சுத்தம் செய்வது சாபம். அதற்காக அழுத்தத்தை ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கும் இறக்காதீர்கள். பீர் டியூபுக்குள் ஊர்ந்து வரும்போதே வாயு பிரிந்துவிடும். வேலை முடிந்ததும் பழைய அழுத்தத்துக்குத் திருப்பி வைக்க மறந்தால், சில நாளில் கெக்கில் மிச்சமிருக்கும் பீர் சப்பென்று ஆகும்.

குழாயின் வாயிலிருந்து நேரே பாட்டிலுக்குள் ஊற்றுவது எல்லோரும் ஒரு தடவையாவது செய்யும் தவறு. கிளாஸுக்கு அது சரி, பாட்டிலுக்கு ஆகாது. குழாய் வாயில் பொருந்தும், பாட்டிலின் அடியைத் தொடும் நீளத்துக்கு ஒரு விறைப்பான டியூபை எடுத்து, அதில் பாட்டில் வாயை அடைக்கும் அளவுக்கு ஒரு ரப்பர் அடைப்பானைக் கோத்துக்கொள்ளுங்கள். அடைப்பானை அழுத்திப் பிடித்துக் குழாயைத் திறந்தால், பீர் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். உள்ளே அழுத்தம் கெக்குக்குச் சமமாகிவிட்டது. இப்போது கட்டைவிரலால் அடைப்பானின் ஓரத்தை மயிரிழை தூக்குங்கள். 'ஸ்ஸ்' என்று காற்று கசியும், பீர் மெல்ல ஏறும். சத்தம் பெரிதானால் விரலை விடுங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு நிமிடம் போல ஆகட்டும். கடையில் விற்கும் எதிரழுத்த நிரப்பிக் கருவி இதே வேலையை வால்வு வைத்துச் செய்கிறது, அவ்வளவுதான். பெட்டி பெட்டியாக நிரப்பி மாதக்கணக்கில் வைப்பவர்கள் வாங்கலாம். நாலு பாட்டிலுக்கு அது வீண்செலவு.

இவ்வளவும் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் தவறு வேறு. துளி நுரையில்லாமல் நிரப்பிவிட்டோம் என்ற பெருமையில் அப்படியே மூடி போடுவது. கழுத்தில் நிற்பது காற்று. அதில் ஆக்சிஜன் இருக்கிறது. சில வாரத்தில் பீர் ஈர அட்டைப்பெட்டி வாசம் அடிக்கும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ அதிகம் போட்ட பீர் என்றால் வாசனை முதலில் போகும், நிறமும் மங்கிப் பழுப்பாகும். அதனால் நிரப்பும் முன் காலி பாட்டிலுக்குள் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துங்கள். மூடும் நேரத்தில் நுரை கழுத்தை நிறைத்து விளிம்பு வரை எழ வேண்டும். எழவில்லையென்றால் பாட்டிலின் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டுங்கள். எழுந்த நுரை காற்றை வெளியே தள்ளும். அதன் தலையிலேயே மூடியை வைத்து அழுத்திவிடுங்கள்.

'புஸ்' வராத என்னுடைய அந்த மூன்று பாட்டில்? திருகிக் கழற்றும் வகை. அந்தக் கழுத்தில் அழுத்தி மாட்டும் மூடி சரியாகப் பிடிக்காது. திருகு வரி இல்லாத, கனமான, பழுப்பு நிறப் பாட்டில்தான் தேவை. பச்சையிலும் வெள்ளையிலும் வெளிச்சம் புகுந்து ஹாப்ஸைக் கெடுத்து நாற்றம் உண்டாக்கும்.

பாட்டிலில் போடுகிறோமே என்ற பழக்கத்தில் சர்க்கரை சேர்த்துவிடாதீர்கள். இது வேடிக்கையான தவறு இல்லை. பீரில் ஏற்கெனவே வாயு இருக்கிறது. ஈஸ்ட்டும் உயிரோடு இருக்கும். அறைச் சூட்டில் அது சர்க்கரையைத் தின்று இன்னும் வாயுவைக் கிளப்பினால் கண்ணாடி வெடிக்கும். நொதித்தல் முடியாத பீருக்கும் இதே கதிதான். கெக்கில் அழுத்தம் எகிறினால் வெளியே விட வால்வு இருக்கிறது, பாட்டிலில் எதுவும் இல்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் கொஞ்சம் வாயு போகத்தான் செய்யும். ஓரிரு நாள் முன்னதாகவே கெக்கின் அழுத்தத்தை 1, 2 பிஎஸ்ஐ கூட்டி வைத்தால் அந்த இழப்பு தெரியாது. நிரப்பிய பாட்டில்களை ஃபிரிட்ஜிலேயே வையுங்கள். ஒன்றை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி, ஒரு வாரம் கழித்து நீங்களே திறந்து பாருங்கள். 'புஸ்' வந்தால் மற்றவற்றைத் தைரியமாகக் கொடுக்கலாம்.