ஆற்றில் கரிமீன் குடும்பத்தைப் பார்ப்பது எப்படி

சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் பெயரைச் சொன்னதும் தொட்டியில் மீன் வளர்க்கும் நம் ஆட்களுக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியும் அமேசானும்தான் நினைவுக்கு வரும். நம் பக்கத்து ஆறுகளிலேயே சொந்த சிக்லிட்கள் இருக்கின்றன. தட்டில் வறுவலாக வரும் கரிமீன் ஒன்று. உள்ளங்கைக்குள் அடங்கும் பள்ளத்தி இன்னொன்று, தொட்டிக்காரர்கள் ஆரஞ்சு குரோமைடு என்று வாங்குவது இதைத்தான். மூன்றாவது கனரா கரிமீன், கர்நாடகத்தின் மேற்குக்கரை ஆறுகளில் மட்டும் உள்ளது. முதல் இரண்டும் இலங்கையிலும் உண்டு. இவற்றுக்கு மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் மடகாஸ்கரில் இருக்கிறார்கள்.

இவற்றை இயற்கையில் பார்க்கத் தூண்டிலும் வேண்டாம், வலையும் வேண்டாம். ஒரே ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து அதன் முன்னால் அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும். கரையோரமாக நடந்துகொண்டே பத்து இடத்தில் எட்டிப் பார்ப்பவருக்கு வாலைத் தவிர எதுவும் தெரியாது.

எங்கே போவது? கரிமீனும் பள்ளத்தியும் நல்ல தண்ணீரிலும் வாழும், உப்பு கலந்த தண்ணீரிலும் வாழும். அதனால் ஆற்றின் கீழ்ப்பகுதியும் கழிமுகமும்தான் நமக்கு இடம். தாமிரபரணி என்றால் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிப் புன்னைக்காயல் வரைக்கும், குமரி மாவட்டத்தில் பழையாறு கடலைச் சேரும் மணக்குடிப் பக்கம், குழித்துறை ஆறு தேங்காய்ப்பட்டணத்தை நெருங்கும் இடங்கள். கேரளத்துக் காயல்களைச் சொல்லவே வேண்டாம், அங்கே 2010இல் கரிமீனை மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள். ஆனால் படகுப் போக்குவரத்து அதிகமுள்ள பெரிய காயலில் தண்ணீர் கலங்கியே இருக்கும், பார்ப்பதற்கு அவ்வளவாக உதவாது. அதில் வந்து சேரும் சின்ன ஓடைகளையும், யாரும் அதிகம் குளிக்காத பழைய படித்துறைகளையும் தேடுங்கள். பாதி மூழ்கிய கல், தென்னை மட்டை, கரை மரத்தின் வேர் இவையெல்லாம் இருக்கும் முழங்கால் ஆழத் தண்ணீர்தான் சரியான இடம். இந்த மீன்கள் முட்டையை ஏதாவது கெட்டியான பொருளில்தான் ஒட்டி வைக்கும்.

காலம் முக்கியம். மழைக்காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடும்போது போவது வீண். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்த பிறகு, பிப்ரவரி முதல் மே வரை நல்ல நாட்கள். காலை எட்டு மணிக்கு மேல் போங்கள், வெயில் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கட்டும், ஆனால் உங்கள் நிழல் தண்ணீரில் விழக்கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் அமையக் கொஞ்சம் இடம் மாறி மாறித்தான் பார்க்க வேண்டும், பக்கவாட்டில் சற்றே சாய்ந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கையில் என்ன வேண்டும்? போலரைஸ்டு கண்ணாடி ஒன்று கண்டிப்பாக வாங்குங்கள், தண்ணீர் மேல் மின்னும் வெளிச்சத்தை அது வெட்டிவிடும். விலை உயர்ந்தது தேவையில்லை, மலிவானதே போதும். கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் பைனாகுலர் இருந்தால் நல்லது. வெள்ளைச் சட்டை வேண்டாம், பச்சையோ காக்கியோ போடுங்கள். தண்ணீருக்கு அடியில் படம் எடுக்க ஆசைப்பட்டால் சின்ன ஆக்‌ஷன் கேமராவை ஒரு கல்லோடு கட்டி, இடத்தில் வைத்துவிட்டு விலகி வந்துவிடுங்கள். நாம் போன கொஞ்ச நேரத்தில் மீன்கள் அதன் முன்னாலேயே மேயும்.

பாதுகாப்பில் விளையாடாதீர்கள். அணைக்குக் கீழே உள்ள ஆற்றில் தண்ணீர் திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும், போவதற்கு முன்பு உள்ளூர்க்காரரிடம் கேளுங்கள். மணல் அள்ளிய குழிகள் மேலிருந்து பார்த்தால் தெரியாது. எனவே கரையில் இருந்தே பாருங்கள், தனியாகப் போகாதீர்கள். காலில் புண் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றும்.

சரி, உட்கார்ந்தாகிவிட்டது. முதல் கால் மணி நேரம் ஒன்றும் தெரியாது. அப்புறம் சின்னக் கெண்டைகள் திரும்பி வரும், அதன் பின்னால் பள்ளத்தி வரும். வட்டமான தட்டை உடம்பு, மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த நிறம், வரிசை வரிசையாகச் சிவந்த புள்ளிகள், விலாவின் நடுவில் ஒரு பெரிய கறுப்புத் திட்டு. கரிமீன் இதைவிடப் பெரியது, சாம்பல் பச்சை உடம்பில் குறுக்கே கறுப்புப் பட்டைகள், செதில் செதிலாக முத்துப் பொடி தூவியது போன்ற புள்ளிகள்.

இப்போது நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைப் பாருங்கள். உங்கள் கை அசைந்ததும் எல்லா மீனும் ஓடும். ஓடிய மீன்களில் எது முதலில் அதே இடத்துக்குத் திரும்புகிறது? அந்த மீனைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கல்லுக்கு இரண்டு மூன்று தடவை திரும்பி வந்தால், பக்கத்தில் இன்னொரு மீனும் சுற்றினால், அங்கே குடும்பம் நடக்கிறது என்று அர்த்தம். முட்டையும் குஞ்சும் காக்கும் பள்ளத்திக்கு வயிற்றுப் பக்கம் கறுத்துவிடும், அது இன்னொரு அடையாளம். ஒன்று கல்லருகே நின்று துடுப்பால் முட்டைக்குத் தண்ணீர் விசிறும், மற்றது வெளியே காவல் காக்கும், கொஞ்ச நேரத்தில் இடம் மாறிக்கொள்ளும். அப்பா, அம்மா இரண்டும் சேர்ந்து வளர்க்கும் மீன்கள் இவை.

முட்டை பொரிந்ததும் குஞ்சுகளை வாயால் கவ்வி, அடித்தரையில் தோண்டிய சின்னக் குழிகளுக்கு மாற்றும். சேறு சும்மா தெறித்தது போலத் தோன்றும், கவனித்தால் வாயிலிருந்து துப்புவது தெரியும். அதற்கும் சில நாள் கழித்துக் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்போதுதான் உண்மையான விருந்து. நூறு இருநூறு புள்ளிகள் தாய் தந்தையைச் சுற்றி ஒரு மேகம் போல நகரும். பெற்ற மீன் வயிற்றுத் துடுப்புகளைப் படபடவென்று சிமிட்டும், உடனே குஞ்சுகள் நெருங்கி வந்துவிடும். அந்தச் சிமிட்டல்தான் கூப்பிடும் சைகை. வந்த குஞ்சுகள் பெற்ற மீனின் விலாவில் போய் முட்டி முட்டி விலகும். அதன் உடம்பில் உள்ள வழவழப்பைக் கொத்தித் தின்கின்றன, தாய்ப்பால் குடிப்பதற்கு மீன்களில் இதைவிட நெருக்கமாக ஒன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பைனாகுலரில் இந்த முட்டலை ஒருமுறை பிடித்துவிட்டால் அப்புறம் வெறும் கண்ணுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

இரண்டு இனமும் ஒரே இடத்தில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். இளம் பள்ளத்திகள் கரிமீனின் துடுப்புகளைக் கொத்திச் சுத்தம் செய்யும், அதற்காகக் கரிமீன் அசையாமல் நிற்கும். வைமன், வார்டு என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1972இல் இதைப் பற்றி எழுதினார்கள். அதே பள்ளத்தி கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்னும் என்பதையும் மறக்காதீர்கள். கரிமீன் எந்தப் பள்ளத்தியை நெருங்க விடுகிறது, எதைத் துரத்துகிறது என்று பாருங்கள், அதுவே ஒரு காலைப் பொழுதுக்குப் போதும்.

இதனால்தான் கூட்டை நெருங்காதீர்கள் என்று சொல்கிறேன். காவலுக்கு நிற்கும் மீனை நீங்கள் விரட்டினால், அது திரும்புவதற்குள் சுற்றியிருக்கும் சின்ன மீன்கள் பாய்ந்து முட்டையைக் காலி செய்துவிடும். கல்லைப் புரட்டிப் பார்க்கவே கூடாது. பொரி போட்டு மீனை வரவழைப்பதும் அதே கணக்குதான், திருடர்களைக் கூட்டுக்குக் கூப்பிடுகிறீர்கள்.

கூடவே ஜிலேபி மீனையும் பார்ப்பீர்கள், அதைத் தவிர்க்க முடியாது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கச் சிக்லிட் அது, இன்று பல ஆறுகளில் நம் மீன்களின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆழமில்லாத அடித்தரையில் தட்டுத் தட்டாகக் குழிகள் தெரிந்தால் அவை ஆண் ஜிலேபி தோண்டியவை. பெண் முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும், தொண்டை உப்பியிருக்கும். ஓர் இடத்தில் குழிகள் எத்தனை, கரிமீன் ஜோடி எத்தனை என்று ஒவ்வொரு வருடமும் அதே மாதத்தில் எண்ணி வைத்தால் அந்த ஆற்றைப் பற்றிப் பயனுள்ள பதிவாக இருக்கும். தேதி, நேரம், தண்ணீர் தெளிவா கலங்கலா, என்ன பார்த்தீர்கள், இவ்வளவு எழுதினால் போதும்.

இயற்கையில் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் படத்தை ஏற்றுவது நல்ல பழக்கம். ஆனால் கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டாதீர்கள். கர்நாடகத்தின் குமாரதாரா, நேத்ராவதி ஆறுகள் பக்கம் போய்க் கனரா கரிமீனைப் பார்த்தால் இது இன்னும் முக்கியம். அது அழியும் ஆபத்தில் உள்ள இனம், அழகுமீன் வியாபாரத்துக்காகவும் பிடிக்கிறார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், படித்துறையின் பெயரைப் போட வேண்டாம்.