மொஹாவி பாலைவனத்தில் நிலம் வாங்கப் போகிறீர்களா? முதலில் பாதையைத் தேடுங்கள்

அமெரிக்க அரசாங்கம் பாலைவன நிலத்தைச் சும்மா கொடுக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பியிருக்கிறேன். அந்தக் கதவு 1976-லேயே மூடிவிட்டது. அந்த வருஷத்துச் சட்டப்படி அரசு நிலம் பொதுவாக அரசிடமே இருக்கும். பி.எல்.எம். என்ற நில மேலாண்மைத் துறை விற்பதெல்லாம் பராமரிக்கத் தோதில்லாமல் சிதறிக் கிடக்கும் துண்டுகள், ஊர் வளரத் தேவைப்படும் இடங்கள் போன்றவைதான். அதையும் சந்தை மதிப்புக்குக் குறைத்து விற்க முடியாது.

தனி ஆளாக வாங்க, 18 வயதான அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. விற்பனை அறிவிப்பு 60 நாளாவது முன்னதாக ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அமெரிக்க அரசிதழில் வரும், படிக்கக் காசு கொடுக்க வேண்டாம். 'ரகசியப் பட்டியல்' விற்பவனுக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். ஏலம் உங்கள் பக்கம் விழுந்தால் 20 சதவீதம் முன்பணம், மீதி 180 நாளுக்குள். தவறினால் முன்பணம் போச்சு. கிடைக்கும் பத்திரத்துக்குப் பேர் பேட்டன்ட், நம்ம பட்டா மாதிரி. பூமிக்கடியில் உள்ள கனிமம் பெரும்பாலும் அரசுக்கே.

சரி, மலிவு எங்கே? கவுண்டிகள் (நம்ம மாவட்டம் மாதிரி) நடத்தும் வரி பாக்கி ஏலத்தில். நான் எடுத்த இரண்டரை ஏக்கரும் அப்படி வந்ததுதான். மலிவாக விழுவதற்குக் காரணம் இருக்கும், அதைப் பணம் கட்டுவதற்கு முன்னால் கண்டுபிடிக்க வேண்டும். நான் கட்டிய பிறகு போய்ப் பார்த்தேன்.

வரைபடத்தில் புள்ளிக்கோடாக ஒரு பாதை இருந்தது. நேரில் அது மழை ஓடை. கடைசி ஒரு மைல் மணல், கார் அச்சு வரை புதைந்தது. என் நிலத்தின் மூலையைத் தேடி நடந்தேன். கிரியோசோட் புதருக்குள் ஒரு இரும்புக் குழாய், அதன் தலையில் பித்தளை மூடி, அதில் செக்‌ஷன் எண் பொறித்திருந்தது. அதுதான் எல்லைக்கல். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர், அதாவது ஒரு சதுர மைல். அதைக் கூறு போட்டுக்கொண்டே வந்தால் உங்கள் துண்டு எது என்று பிடிபடும்.

ஆகவே டயர் தடத்தை நம்பாதீர்கள். அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போக எழுத்தில் உரிமை இருக்கிறதா என்று கவுண்டிப் பதிவாளரிடம் கேளுங்கள். அப்புறம் தண்ணீர். கிணறு பல நூறு அடி போகலாம். லாரியில் கொண்டுவந்தால் 250 கேலன் கிட்டத்தட்ட ஒரு டன், அந்த மணலில் அது ஏறாது. கழிவுத்தொட்டிக்கு மண் உறிஞ்சுமா, பாலைவன ஆமை வாழும் இடமா, ரெண்டையும் கவுண்டித் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த ஆமை 1990 முதல் பாதுகாக்கப்பட்ட இனம்.

நேரில் போகும்போது மண்வெட்டியும் பழைய கார்ப்பெட் துண்டு இரண்டும் வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். டயருக்கு அடியில் வைக்க.